பணம் வருவது துபாயிலிருந்து, கால் வழுக்குவது கருங்கலில்

முதியோருக்காக ஏதாவது தொழில் தொடங்கலாம் என்று குமரி மாவட்டத்தில் பேச்சு எழுந்தால், அடுத்த நிமிடமே "ஒரு ஆப் பண்ணிரலாம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பண்ணலாம். அதற்கு முன்னால் மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஏதாவது ஒரு மேட்டு வீட்டுக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ரோட்டிலிருந்து இருபது படி. பிடித்து ஏறக் கம்பி கிடையாது. ஆனி, ஆடி மழையில் படியெல்லாம் பாசி. மேலே, பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுந்த மாடி வீடு. மாடி பூட்டிக் கிடக்கும். கீழே எழுபத்தெட்டு வயதில் ஒரு அம்மா, பளபளக்கும் கிரானைட் தரையில் ரப்பர் செருப்போடு நடந்துகொண்டிருப்பார்.

இந்தத் தொழிலில் பணம் கொடுப்பவர் ஒருவர், சேவையை வாங்கிக்கொள்பவர் இன்னொருவர். துபாயில் இருக்கும் மகனுக்குப் படம், அறிக்கை, வீடியோ எல்லாம் வேண்டும். கருங்கல் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அதில் பாதி பிடிக்காது. "ஒண்ணுமில்ல மக்களே, அவன்ட்ட ஒண்ணும் சொல்லாண்டாம்" என்பதுதான் அவர் முதல் வார்த்தை. மகனை மட்டும் திருப்திப்படுத்த ஆரம்பித்த நிறுவனம் படுக்கையறையில் கேமரா வைக்கும். மறுநாளே அதன்மேல் ஒரு துவர்த்து (துண்டு) தொங்கும். அம்மாவை மட்டும் திருப்திப்படுத்தினால் மூன்றாம் மாதம் பணம் நின்றுபோகும். தொழிலின் கஷ்டம் முழுக்க இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது. எனவே முதல் நாளே, பெற்றவரை உட்காரவைத்து, எதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எந்த நிலைமையில் கேட்காமலே சொல்லிவிடுவோம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். விழுந்தால், நெஞ்சு வலித்தால், ஒரு வேளைக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால், கட்டாயம் சொல்வோம். மற்றபடி அவர் விருப்பம்.

சந்தை இருக்கிறதா என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயது தாண்டியவர்கள் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. பிள்ளைகள் குறைந்ததிலும் பிழைப்புக்கு வெளியே போவதிலும் குமரிக்குக் கேரளத்தின் சாயல். 1,672 சதுர கிலோமீட்டரில் 18.7 லட்சம் பேர் இருந்த மாவட்டம் இது, வீடுகள் நெருக்கம். இந்த நெருக்கம்தான் இங்கே தொழிலுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. அதைப் பிறகு கணக்கோடு பார்ப்போம்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், குளியலறையில் என்பேன். கவர்ச்சி இல்லாத வேலை; ஆனால் ஒரே நாளில் முடியும், பணம் உடனே வரும், விளைவு கண்ணுக்குத் தெரியும். முதியவர்கள் விழுவது பெரும்பாலும் மலை ஏறும்போது இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுவது போன்ற சாதாரண நேரங்களில்தான். பிராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரைகளும், ரத்த அழுத்த மாத்திரைகளும் படுத்தவர் சட்டென்று எழுந்தால் அழுத்தத்தைக் கீழே இறக்கிவிடும். எழுந்து ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்வது இலவச ஆலோசனை. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை, ஆள் நடந்தால் தானாக எரியும் சிறு விளக்குகள் மூன்றைத் தாழ்வாகப் பொருத்துவது காசுக்கான வேலை.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறுகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன. துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்து மாட்டியிருப்பார்கள். ஆள் எடை அதில் விழுந்தால் சுவர் ஓட்டோடு (டைல்) பெயர்ந்து வரும். கம்பியின் விட்டம் 32 முதல் 38 மி.மீ. இருக்கலாம், அதற்கு மேல் தடித்தால் மூட்டுவாதக் கை மூடாது. சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 4 செ.மீ. அதைவிட அகலமாக விட்டால், வழுக்கும்போது முன்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழுகிற எடையில் எலும்பு முறியும். 110 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பதைக் கீழ் வரம்பாக வைத்துக்கொண்டு, பொருத்திய மறுநாள் தொழிலாளி தானே முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும்.

சுவர் என்ன சுவர் என்று பார்க்காமல் ஆங்கர் போல்ட் அடிப்பவர்கள் அதிகம். மேற்குப் பக்கத்துப் பழைய வீடுகளில் வெட்டுக்கல். விரிந்து பிடிக்கிற போல்ட் அந்தக் கல்லைப் பொடியாக்கிவிடும். ஹாலோ பிளாக் சுவரில் உள்ளே வெற்றிடம். போல்ட்டுக்குப் பிடிமானமே இல்லை. இரண்டுக்கும் நம்பகமான வழி, சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, அந்தப் பக்கம் ஒரு இரும்புத் தட்டு வைத்து நட்டு முறுக்குவது. முடியாவிட்டால் கம்பியைச் சுவரில் நம்பாமல் தரையில் கால் ஊன்ற வைக்க வேண்டும். சுவர் ஓட்டில் துளை போடும்போது டிரில்லைத் தட்டும் (ஹேமர்) முறையில் வைக்கக்கூடாது. ஓடு தாண்டிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். முதலில் விரலால் தட்டிப் பார்த்தால் பொள்ளலாக ஒலிக்கும் ஓடு நிச்சயம் விரியும். சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். வெளியே தெரியும் டாப்புகளின் நேர்க்கோட்டைத் தவிர்த்துவிடுவது பாதுகாப்பு. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரம் போனால் 304 ரக எவர்சில்வரிலும் உப்புக்காற்றில் பழுப்புத் திட்டு படியும். அங்கே 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதல் என்பதைப் பில்லிலேயே தனியாகக் காட்டிவிடலாம்.

சாதாரண யூரோப்பியன் க்ளோசெட் ஏறத்தாழ 40 செ.மீ. உயரம். முழங்கால் தேய்ந்தவருக்கு 45 முதல் 48 வரை வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு என்று உயரம் கூட்டும் மேல்சீட்டு விற்பது தவறு: முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்து, உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். குள்ளமான அம்மாவுக்கு 10 செ.மீ. உயர்த்திக் கொடுத்தால் கால் தொங்கும், முன்னே சரிவார். கடைசியாகக் கதவு. உள்ளே திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒருவர் விழுந்துகிடந்தால் வெளியிலிருந்து திறக்கவே முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைப்பதும், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் தாழ் போடுவதும் ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. இந்த அரைநாள் வேலையைத்தான் யாரும் விற்பதில்லை.

சாய்தளம் கேட்பார்கள். கட்டட விதிகள் சொல்லும் சரிவு 1-க்கு 12. மூன்று படி, அதாவது 45 செ.மீ. உயர்ந்த திண்ணைக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். பல முற்றங்களில் அவ்வளவு இடம் இல்லை. இடம் இல்லாததால் செங்குத்தாகப் போட்டுக் கொடுத்தால், மழை நாளில் அது சறுக்குமரம். சக்கர நாற்காலி தேவைப்படாதவருக்கு அரைப்படி போதும்: ஒவ்வொரு படியையும் 7.5 செ.மீ.-ஆகப் பிரித்து, வாக்கரின் நான்கு கால்களும் ஊன்றும்படி 60 செ.மீ.-க்குக் குறையாத அகலம் விட்டு, இரண்டு பக்கமும் கம்பி. சில வீட்டுக்காரர்கள் முகப்பு அழகு கெடும் என்பார்கள். அடுக்களை வாசல் பக்கம் போட்டுக் கொடுக்கலாம். அந்த அம்மா அந்த வழியாகத்தான் கிணற்றடிக்குப் போகிறார்.

அடுத்தது வாடகைச் சாமான்கள். கட்டில், ஏர் பெட் (படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று விரிப்பு), வாக்கர், கமோடு சேர், ஆக்சிஜன் இயந்திரம். வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் கடைகள் நாகர்கோவிலில் உண்டு. கொண்டுவந்து பொருத்தி, பழக்கிக் கொடுத்து, கெட்டால் மாற்றித் தருகிறவர்கள் குறைவு. லாபம் அந்த இடைவெளியில். தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியாக உயரும், சட்டம் இரண்டாகப் பிரியும் கட்டிலாக வாங்க வேண்டும். இருபது படி ஏற்ற வேண்டியது நம் ஆட்கள்தான். ஏர் பெட்டில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மெத்தை இல்லாமல் வெறும் கட்டில் கம்பிமேல் விரிப்பது. இன்னொன்று, மேலே பிளாஸ்டிக் விரிப்பும் இரண்டு போர்வையும் மடித்துப் போட்டுக் காற்றறைகளின் பயனைக் கெடுப்பது. மோட்டாரின் திருகை எடைக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். இறுக்கமாக வைத்தால் பலகைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஏர் பெட் இருக்கிறது என்று இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போடுவதை நிறுத்திவிட்ட வீடுகளில்தான் படுக்கைப் புண் வருகிறது. திரும்பி வந்த சாமானை 1 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியால் துடைத்துப் பத்து நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும். கழுவாமல் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும்.

ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்கு விடும்முன் மின்சாரத்தை நினைக்க வேண்டும். 5 லிட்டர் இயந்திரம் 350 வாட் அளவுக்கு இழுக்கும். வீட்டில் இருக்கும் 150 ஏஎச் பேட்டரி இன்வெர்ட்டரில் அது மூன்று மணி நேரம் ஓடினால் பெரிது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபின் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஆகவே இயந்திரத்தோடு ஒரு பி டைப் சிலிண்டர் கட்டாயம் போக வேண்டும்: 1,500 லிட்டர் வாயு, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். மூச்சு வாங்குகிறதே என்று வீட்டார் திருகைக் கூட்டுவது, நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆபத்தாக முடியலாம். ஆக்சிஜனை ஈரப்படுத்தும் குப்பியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக்கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான். கட்டிலருகே மெழுகுவர்த்தியோ குத்துவிளக்கோ எரியக்கூடாது. இதை வெறுமனே சொன்னால் சாமி விஷயத்தில் தலையிடுவதாகத் தோன்றும். பேட்டரி விளக்கு ஒன்றை நாமே கொண்டுபோய் வைத்துவிட்டுச் சொன்னால் கேட்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் துணைபோவது இங்கே தனித் தொழிலாக நிற்கும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, நெய்யூர் ஆஸ்பத்திரி, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியும். பைஸ்டாண்டர், அதாவது கூட நிற்கும் ஆள், இல்லாமல் எங்கேயும் வேலை நடக்காது. கார் ஓட்டுநரையே துணையாக அனுப்புவது மலிவு, ஆனால் பயனில்லை. வண்டி நிறுத்த இடம் தேடி அவர் சுற்றும்போது உள்ளே பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். துணையாளர் முந்தின நாளே வீட்டுக்குப் போய், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, பழைய சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை மூன்று கேள்வியாக எழுதிவிட வேண்டும். மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றுக்கும் பதில் வராது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டிய நாளில் கிளிமிபிரைட் மாதிரி சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்புகிறவர்கள் பலர். ஆரல்வாய்மொழியிலிருந்து வந்து சேர்வதற்குள் வியர்த்து மயக்கம் வரும். நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சாப்பாட்டுக்குப் பிந்தைய ரத்தம் முதல் வாய் சாப்பிட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்தில், கைகழுவியதிலிருந்து எண்ணுவதில்லை.

இனி ஹோம் நர்ஸ். சொல்லில் நர்ஸ் இருந்தாலும் பெரும்பாலோர் நர்ஸ் படித்தவர்கள் இல்லை. படித்தவர்கள் பலர் வளைகுடாவிலோ அயர்லாந்திலோ இருக்கிறார்கள். இந்த உண்மையை வீட்டாரிடம் மறைக்கிற ஏஜென்சி கடைசியில் மாட்டிக்கொள்ளும். குளிப்பாட்டுவது, புரட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது உதவியாளர் வேலை. ஊசி, யூரின் டியூப் மாற்றுவது, மூக்கு டியூப் போடுவது ஆகியவை நர்ஸ் கவுன்சிலில் பதிவு உள்ளவர், மருத்துவரின் எழுத்துச் சீட்டோடு செய்ய வேண்டியவை. உதவியாளருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் பல உயிரைக் காக்கும்: மூக்கு டியூபில் உணவு கொடுக்கும்போதும் அதற்குப் பின் அரைமணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்எல் என்று போட்ட மாத்திரையை இடித்துக் கரைக்கக்கூடாது, மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

இருபத்திநாலு மணி நேர வேலைக்கு ஒரே ஆளைப் போடுவதுதான் இந்தத் தொழிலின் அழுகிய மூலை. ராத்திரி நான்கு தடவை எழுந்தவர் பகலில் தூங்குவார், முதியவர் விழுவார், பழி உதவியாளர்மேல். வாரத்தில் ஒரு நாள் மாற்றாள் உண்டு என்பதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிட வேண்டும். நகைப் பழி இன்னொரு கண்ணிவெடி. வேலைக்குச் சேரும் அன்று, அம்மாவின் கழுத்திலும் கையிலும் இருப்பதை வீட்டார் முன்னிலையில் எழுதிப் படமெடுத்துக்கொண்டால் பின்னால் இருவருக்கும் நிம்மதி. ஏடிஎம் ரகசிய எண் தெரிந்துகொள்ளக்கூடாது. எந்தப் பத்திரத்திலும் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. எப்படிக் கூப்பிடுவது என்பதையும் கேட்டே முடிவு செய்யலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு "டீச்சர்" என்றால்தான் முகம் மலரும்; வேறொரு வீட்டில் "அம்மச்சி". எல்லாரையும் "பாட்டி" என்பது சோம்பேறித்தனம்.

சாப்பாடு கொடுக்கும் தொழிலில் நான் யாரையும் உற்சாகப்படுத்த மாட்டேன். ஓட்டம் அதிகம், மிச்சம் குறைவு. செய்தே தீர்வேன் என்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோடு, காலைச் சாப்பாட்டை ஏழரைக்குள் சேர்க்க வேண்டும், மாத்திரை அதன்மேல் நிற்கிறது. நம்மூர் வழக்கம்தான் இதில் பொறி: உடம்பு சரியில்லை என்றால் இளநீரும் ஏத்தம்பழமும் (நேந்திரம்பழம்). சிறுநீரகம் பழுதானவருக்கு இரண்டிலும் இருக்கும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது. இதயம் வீங்கியவருக்குக் கருவாடும் உப்பு மாங்காயும் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் முருங்கைக்கீரையை விட வேண்டியதில்லை, ஆனால் ஒரு வாரம் தினமும், ஒரு வாரம் இல்லவே இல்லை என்று மாற்றக்கூடாது.

இப்போது கணக்கு. கற்பனைக் கணக்குத்தான், ஆனால் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், மாத்திரைப் பெட்டி நிரப்பி, கரண்ட் பில் கட்டி, பல்பு மாற்றி, பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லும் திட்டம், மாதம் ₹1,200. மார்த்தாண்டத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் மட்டும் வேலை செய்தால் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு வீடு போவார். 25 நாளில் 150. அவசரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 120 தடவை, வீட்டுக்கு மாதம் நான்கு தடவை என்றால் 30 வீடு, வரவு ₹36,000. சம்பளம் 18,000, பெட்ரோலும் போனும் 4,000, சில்லறை 2,000 போக ₹12,000 நிற்கும். இதையே அருமனை முதல் கன்னியாகுமரி வரை எடுத்துக்கொண்டால் நாளைக்கு மூன்று, நான்கு வீடுதான் முடியும். அதே கணக்கில் 17 வீடு, வரவு ₹20,400. பெட்ரோல் 7,000 ஆகும், செலவு 27,000. மாதம் 6,600 கையைக் கடிக்கும். தொலைவிலிருந்து ஒரு நல்ல வாடிக்கையாளர் வரும்போது மறுக்க மனம் வராது. மறுக்க வேண்டும், அல்லது அந்தப் பக்கம் பத்து வீடு சேரும்வரை காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதை விற்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நோய்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. முதியோர் உதவி எண் 14567. மத்திய அரசு ஓய்வூதியருக்கான டிஜிட்டல் உயிர்ச்சான்றைத் தபால்காரர் ₹70-க்கு வீட்டில் வந்து எடுத்துத் தருகிறார். நவம்பரில் அதற்கு நாள் பார்த்து அழைத்துத் தருவது நம் வேலை, 80 தாண்டியவர்களுக்கு அக்டோபர் முதலே முடித்துவிடலாம். இவற்றை ஒருங்கிணைத்துக் கொடுப்பவருக்கு நம்பிக்கை கிடைக்கும், நம்பிக்கைக்குப் பின் குளியலறை வேலை கிடைக்கும். முதலீட்டுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் சேஜ் திட்டம் இருக்கிறது: 2021-இல் வந்தது, ஒரு நிறுவனத்துக்கு ₹1 கோடி வரை, அரசின் பங்கு 49 விழுக்காட்டைத் தாண்டாது. புதுப் பொருள் ஒன்றை உருவாக்கி நாடு முழுக்க விற்கப் போகிறவருக்கு அது சரி. முப்பது வீட்டுச் சேவைக்குப் பங்குதாரர் எதற்கு?

பிள்ளைகளுக்கு அறிக்கை அனுப்பும் நேரமும் சின்ன விஷயமில்லை. 2022 முதல் அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை. சவூதியில் வெள்ளி, சனி. அந்த நாளில் அம்மாவோடு பேசிக்கொண்டே மாத்திரைப் பெட்டியைக் காட்டினால் பாதிக் கேள்விகள் எழாது.

ஒப்பந்தத்தில் எல்லாரும் விட்டுவிடும் பத்தி ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் பிரிவது பெரும்பாலும் சாவில்தான். கூடத்தில் உடலை வைக்க இடம் வேண்டும் என்று வீட்டார் நள்ளிரவில் கட்டிலை எடுத்துப்போகச் சொல்லலாம். இரண்டு ஆளும் ஒரு வண்டியும் அப்போதே வர வேண்டும். சொல்லாவிட்டால் பதினாறு கழியும்வரை கட்டிலைப் பற்றிப் போன் செய்யக்கூடாது. இரண்டிலும் வாடகை இறந்த தேதியோடு நிற்கும். பிரிக்காத டயப்பர் பாக்கெட்டுகளை வாங்கிய விலைக்கே திரும்ப எடுத்துக்கொண்டு, அட்வான்ஸ் பணத்தைக் கணக்குத் தாளோடு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், யாரும் கேட்பதற்கு முன்னால்.